வகுப்பில் காட்டிய படத்தை இணையத்தில் வைக்க முடியவில்லை

விலங்கியல் ஆசிரியை:

சிறுநீரகம் பற்றிய என் இணையப் பாடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட நினைத்தேன். வகுப்போடு நின்றவரை ஒரு சிக்கலும் இல்லை. பாடம் நடத்தும்போது ஆசிரியர் ஒரு படைப்பைப் பிரதியெடுக்க 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது பதிப்பகங்கள் போட்ட வழக்கிலும், 2016இல் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கல்விக்குச் சாதகமாகவே விளக்கியது. ஆனால் அது வகுப்புக்கான சலுகை. ஊர் உலகத்துக்கே திறந்து வைக்க அதை நம்பி இறங்க முடியாது.

நான் காட்டிவந்த நெஃப்ரான் (சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகு) படம் ஒரு பாடநூலில் உள்ளது. பதிப்பகத்துக்கு எழுதினேன். கடவுச்சொல் உள்ள மாணவர்களுக்கு மட்டும், ஓராண்டுக்கு, கட்டணத்துடன், எந்த மாற்றமும் செய்யாமல் என்றால் சரி என்றார்கள். பிறர் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பதுதானே திறந்த உரிமம்? எனக்கே இல்லாத உரிமையை நான் எப்படிப் பிறருக்குத் தருவது?

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக வெளியிடும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தின் குறிப்புகளிலும் சில இடங்களில் படம் இருக்காது, பதிப்புரிமை காரணமாக நீக்கப்பட்டது என்ற வரிதான் இருக்கும். பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் நானே வரைந்தேன். நெஃப்ரானின் வளைந்த குழாய்ப் பகுதியான ஹென்லே வளைவு, சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவுக்குள் இறங்கி ஏறுவது யாருக்கும் சொந்தமில்லாத உண்மை. பாடநூல் படத்தை வரைந்த ஓவியரின் கோடும் நிறமும் அமைப்பும்தான் உரிமைக்கு உட்பட்டவை. அதனால் நூலை மூடிவைத்துவிட்டு, கரும்பலகையில் வழக்கமாகப் போடுவதையே இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் போட்டேன். இறங்கு பகுதியில் நீர் வெளியேற நீல அம்பு, ஏறு பகுதியில் உப்பு வெளியேறச் சிவப்பு அம்பு. என் மாணவர்கள் எப்போதும் குழம்புவது அங்கேதான்.

தமிழ்த்துறை ஆசிரியர்:

எங்களுக்குப் படம் பிரச்சினை இல்லை, கதைதான். பாரதி நாட்டுடைமை, கவலையில்லை. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு ஆகாவிட்டால் வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும். ஒரு சிறுகதைக்கு அப்படி அலைந்தேன். மகள் மனதாரச் சரி என்றார், தம்பியையும் கேட்க வேண்டும் என்றார். தம்பியைப் பிடிக்க முடியவில்லை. பதிப்பகத்தில் பழைய ஒப்பந்தமே கைவசம் இல்லை. யாரும் மறுக்கவில்லை, கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை. பாடத்தில் இப்போது நூலின் பெயரும் பக்க எண்ணும் மட்டும் இருக்கின்றன. நூலோ அச்சில் இல்லை. தொலைவிலிருந்து படிக்கும் பிள்ளை எங்கே போய்த் தேடும்?

அதிலிருந்து, இன்று எழுதுகிறவர்களின் கதையென்றால் பாடத்தில் சேர்க்கும் முன்பே அவர்களிடம் எழுத்தில் வாங்கிவிடுகிறேன். எந்த உரிமம், யாரெல்லாம் பயன்படுத்தலாம் என்று தெளிவாகச் சொன்னால் பலரும் மறுக்காமல் தருகிறார்கள்.