அட்டனில் வீடு வாங்கப் போறேன், அட்வான்ஸ் குடுக்கலாமா?

கேள்வி: அண்ணன்மாரே, அக்காமாரே, அட்டன் பக்கம் 10 பேர்ச் காணியோட ஒரு வீடு, 45 லட்சம். ஓனர் 5 லட்சம் அட்வான்ஸ் கேக்குறார், ஒரு பேப்பர்ல எழுதி முத்திரை ஒட்டி கையெழுத்து வச்சுக்கலாம்னு சொல்றார், உறுதி, அதாவது காணிப் பத்திரம், பிறகு தர்றாராம். இது போதுமா?

பதில் 1: தம்பி, போதாது. 1840ஆம் வருச 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி காணி விக்கிறது மட்டுமில்ல, விக்கிறேன்னு போடுற ஒப்பந்தமும் நொத்தாரிசு (பத்திரம் எழுதுற லோயர்) முன்னாடி ரெண்டு சாட்சியோட எழுதணும், இல்லாட்டி நாளைக்கு அவர் மாறிட்டா அந்த பேப்பர வச்சு காணிய கேக்க முடியாது. உங்களுக்குன்னு தனியா ஒரு லோயர பிடிங்க, ஓனரோட ஆள் வேணாம். 30 வருசத்து பதிவ காணிப் பதிவகத்துல தேடச் சொல்லுங்க, ஈடு (அடமானம்), வழக்கு எல்லாம் அதுலதான் தெரியும்.

பதில் 2: முத்திரை வரிக்கும் காசு வைங்க. முதல் லட்சத்துக்கு 3%, மிச்சத்துக்கு 4%, உங்களுக்கு 1,79,000 வரும். வழக்கமா வாங்குறவங்கதான் கட்டுறது.

பதில் 3: முதல்ல அது என்ன உறுதின்னு பாருங்க, அரசாங்கம் குடுத்த அளிப்புப் பத்திரமா இருந்தா பிரதேச செயலகத்து அனுமதி இல்லாம வித்தா செல்லாது, தோட்டத்து லயத்து வீடுன்னா பெரும்பாலும் உறுதியே இருக்காது. அப்புறம் நம்ம பக்கம் மண்சரிவு, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல அந்த இடத்தப் பத்தி கட்டாயம் விசாரிங்க.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி. உறுதிக் கொப்பி கையில வர்ற வரைக்கும் காசு குடுக்க மாட்டேன்.