[கலைச்சொல்] பகவதி கையேட்டுக்கு மூன்று சொற்கள் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

ந. (பொருளியல் ஆசிரியை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை மாணவர்களுக்காக, பன்னாட்டு வணிகப் பொருளியல் அறிஞர் ஜகதீஷ் பகவதியின் ஆய்வுப் பணி பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்களன்று அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். வாழ்க்கைக் குறிப்பில் தொல்லை இல்லை: 1934இல் பம்பாயில் பிறப்பு, கேம்பிரிட்ஜ், எம்.ஐ.டி., நடுவில் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், 1968 முதல் மறுபடி எம்.ஐ.டி., 1980 முதல் கொலம்பியா. 1991-93இல் காட் (சுங்கவரி, வணிகம் பற்றிய பன்னாட்டுப் பொது ஒப்பந்தம்) அமைப்பின் தலைமை இயக்குநர் ஆர்தர் டங்கலுக்கு ஆலோசகர். தொல்லையெல்லாம் அவர் உண்டாக்கிய சொற்களில்தான். மனிதர் எதைக் கண்டாலும் அதற்கொரு பெயர் வைக்காமல் விடமாட்டார்.

முதலாவது, 1958 கட்டுரையின் தலைப்பிலேயே வரும் 'இம்மிசரைசிங் குரோத்'. ஒரு நாடு காபி விளைச்சலைப் பெருக்குகிறது. உலகச் சந்தையில் அதன் பங்கு பெரியது. விலை இறங்கியது என்பதற்காக யாரும் இன்னொரு டம்ளர் குடிக்கப் போவதில்லை. ஆகவே சரக்கு கூடக் கூட விலை சரிகிறது, ஒரு மூட்டை காபிக்கு ஈடாக வாங்க முடிகிற இறக்குமதி சுருங்குகிறது. இந்த இழப்பு போதிய அளவு பெரிதானால், விளைச்சல் பெருகியும் நாட்டின் நலன் முன்பைவிடக் கீழே போய்விடும்.

இரண்டாவது 'குவிட் புரோ குவோ' (லத்தீனில், ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று) முதலீடு. சுங்கத் தடை வந்தபின் அதைத் தாண்டி உள்ளே போய் ஆலை போடுவது ஒரு வகை. இது வேறு. தடை வந்துவிடக் கூடாது என்று, அந்த நாட்டுத் தொழிலாளரையும் அரசியல்வாதிகளையும் குளிரவைக்க முன்கூட்டியே போடும் முதலீடு. 1980களில் அமெரிக்காவுக்குப் போன ஜப்பானிய முதலீட்டை விளக்க எழுந்த கருத்து.

மூன்றாவது 'ஸ்பகெட்டி போல்' (1995), அதாவது நூல் நூலாகச் சிக்கிக் கிடக்கும் இத்தாலிய உணவுக் கிண்ணம். நாடுகள் இரண்டு இரண்டாகவும் கூட்டம் கூட்டமாகவும் செய்துகொள்ளும் வணிக ஒப்பந்தங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக் கிடப்பது.

மு. (நாளிதழ், வணிகப் பக்கம்):

மூன்றாவது, இடியாப்பச் சிக்கல். முடிந்தது. இத்தாலிக்காரர் கோபித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதலாவதற்கு 'வறுமையூட்டும் வளர்ச்சி'. தலைப்பில் போட்டால் டீக்கடையில் படிப்பவருக்கும் புரியும். இரண்டாவதை அப்புறம் பார்ப்போம்.

செ. (தமிழ்ப் பேராசிரியர், ஓய்வு):

அம்மா, அவசரப்பட்டு 'ஊட்டும்' போடாதீர்கள். அச்சமூட்டும், சினமூட்டும் என்று எதற்கெடுத்தாலும் ஊட்டிக்கொண்டிருக்கிறோம். 'நலிவளர்ச்சி' என்று நல்ல வினைத்தொகை இருக்கிறதே! 'நலி' தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும். நோய் நலிய என்றால் நோய் வருத்த என்றுதானே பொருள்? ஆகவே நலிவளர்ச்சி என்றால் வருத்துகிற வளர்ச்சி. முக்காலத்துக்கும் பொருந்தும்.

இன்னொன்று. 'சுங்கம்' வேண்டாம், 'உல்கு' இருக்கிறது. வள்ளுவர் 'உறுபொருளும் உல்கு பொருளும்' என்று அரசனின் வருவாயை வகைப்படுத்துகிறார். காவிரிப்பூம்பட்டினத்தில் உல்கு வாங்கிப் புலி முத்திரை குத்தி மூட்டைகளை அனுப்பியவர்கள் நாம். தடை தாண்டிப் போகும் அந்த முதலீட்டுக்கு 'உல்குதாண்டு முதலீடு' என்று வைத்தால் எத்தனை அழகு! 'அந்நிய முதலீடு' என்பதிலுள்ள 'அந்நிய'த்தையும் இந்தக் கையேட்டிலாவது 'அயல்' ஆக்கிவிடுங்கள்.

மு.:

ஐயா, உல்கு என்று அச்சிட்டால் மெய்ப்புத் திருத்துபவர் 'உலகு' என்று திருத்திவிடுவார். அப்புறம் மாணவன் 'உலகுதாண்டு முதலீடு' என்று படித்துவிட்டுச் செவ்வாய்க் கிரகத்தில் ஆலை போடுவான். 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று குலோத்துங்கனைக் கொண்டாடும்போது உறுத்தாத சுங்கம் இப்போது மட்டும் ஏன் உறுத்துகிறது?

க. (கொழும்பு):

வணக்கம் டீச்சர். 'அந்நிய'மா 'அயலா' என்று நீங்கள் அங்கே சண்டை பிடிக்கிறீர்கள். எங்கட பத்திரிகைகளில் எப்போதும் 'வெளிநாட்டு நேரடி முதலீடு'தான். சுங்கவரியை 'தீர்வை' என்போம். யாரும் செத்துப்போகவில்லை.

இடியாப்பத்துக்கு என் முழு ஆதரவு. ஆனால் அதற்குள் கிடக்கும் விஷயத்தைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள். இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 35 சதவீத மதிப்பு சேர்த்தால் இலங்கைப் பொருள் என்று தீர்வையில்லாமல் இந்தியாவுக்குள் போகலாம். உடனே இந்திய முதலீட்டாளர்களே இங்கே வந்து வனஸ்பதி ஆலை போட்டார்கள். பாமாயில் வேறு நாட்டிலிருந்து வரும், இங்கே வனஸ்பதியாகும், கப்பலேறி இந்தியாவுக்குப் போகும். அப்போது இந்தியாவில் பாமாயிலுக்குத் தீர்வை அதிகம், இங்கே குறைவு. இலாபமெல்லாம் அந்த இடைவெளிதான். செம்பிலும் இதே கதை. பிறகு இந்தியத் தரப்பு கட்டுப்பாடு கொண்டுவந்ததும் அந்த ஏற்றுமதி படுத்துவிட்டது. இது எந்தத் தேசத்துப் பொருள் என்று கேட்கும் விதி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பகவதி சொன்ன சிக்கலின் முடிச்சு அந்த விதிதான். சும்மா ஒப்பந்தம் கூடிப்போச்சு என்று மட்டும் எழுதினால் பிள்ளைகளுக்கு விளங்காது.

ந.:

வனஸ்பதி கதைக்கு மிக்க நன்றி ஐயா, அப்படியே பெட்டிச் செய்தியாகப் போடுகிறேன்.

நலிவளர்ச்சியை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் 'மந்தமான வளர்ச்சி' என்று புரிந்துகொண்டார்கள். நலிந்த தொழில், நலிந்த பிரிவினர் என்றுதானே அவர்கள் கேட்டிருக்கிறார்கள்? தேர்வில் 'வளர்ச்சி வீதம் குறைவது' என்று எழுதுவார்கள், நானும் சுழியம் போட வேண்டியிருக்கும். இங்கே வளர்ச்சி மந்தமாகவில்லை, வேகமாகவே நடக்கிறது.

'வறுமை'யும் எனக்கு இடிக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்ற பேச்சு இதில் இல்லை. குறைவது நாட்டின் நலன், அவ்வளவுதான். அதோடு பகவதி 1968இல் கருத்தை விரித்தார்: நாட்டுக்குள் ஏற்கெனவே ஏதாவது திரிபு (சுங்கவரி போல, விலைகளைக் கோணலாக்கும் ஒன்று) இருந்தால், அதன் மேல் வரும் வளர்ச்சி நலனைக் குறைக்கக்கூடும். 1977இல் பிரெச்சர், டயஸ்-அலெஹாண்ட்ரோ என்ற பொருளியலாளர்கள் இதே வழியில் போய், சுங்கவரி போட்டுக் காப்பாற்றும் துறைக்குள் வெளிநாட்டு மூலதனம் வந்து, இலாபத்தை முழுதாக எடுத்துக்கொண்டு போனால், வாங்கிய நாட்டின் நலன் குறையும் என்று காட்டினார்கள். காபி விலைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. சொல் இரண்டையும் தாங்க வேண்டும். 'நலன்குறைக்கும் வளர்ச்சி' எப்படி?

செ.:

அது சொல் இல்லை அம்மா, வாக்கியம்.

மு.:

மூலச் சொல்லே மூன்று முழம் நீளம் ஐயா. நலன்குறைக்கும் வளர்ச்சிக்கு என் வாக்கு. தலைப்பில் அடங்காது, பரவாயில்லை.

இரண்டாவதற்கு வருகிறேன். 'கைம்மாறு முதலீடு' என்று யாராவது சொல்லப் போகிறீர்கள், அதற்கு முன்பே மறுத்துவிடுகிறேன். கைம்மாறு உதவி பெற்றவன் திருப்பிச் செய்வது. இங்கே முதலீட்டாளர் முந்திக்கொள்கிறார். 1981இல் ஜப்பான் அமெரிக்காவுக்கான தன் கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ள ஒத்துக்கொண்டது. அதற்கு முன்பே ஹோண்டா, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கார் ஆலை போடுவதை 1980 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. இதற்கெல்லாம் நம்மிடம் ஒரே சொல்தான்: மொய். 'மொய் முதலீடு'. நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு வரவேண்டும் என்று இன்றைக்கு எழுதுவது.

க.:

நல்ல சொல்தான், ஆனால் எங்கட பக்கம் மொய் வழக்கமில்லை. வட மாகாணத்துப் பிள்ளைக்கு ஈ மொய்க்கிறதுதான் ஞாபகம் வரும்.

செ.:

மொய் என்பதற்கு நெருக்கம், கூட்டம், வலிமை, போர் என்றெல்லாம் பொருள் உண்டு. பலர் மொய்த்து நின்று கொடுப்பதால் மொய் ஆயிற்று என்பது என் துணிபு. ஆகவே ஒரு நிறுவனம் தனியாகப் போடும் முதலீட்டை மொய் என்பது எப்படிப் பொருந்தும்? இது பற்றித் தனி இழை தொடங்க உத்தேசம்.

ந.:

தனி இழைக்குக் காத்திருக்க முடியாது ஐயா, மன்னிக்கவும். மொய்யில் இன்னொரு இடைஞ்சல்: மொய் எழுதினால் திரும்பி வரும் என்பது ஊரறிந்த கணக்கு, நோட்டில் பெயர் இருக்கும். ஜப்பான்காரருக்கு அப்படி உறுதி எதுவும் இல்லை. தடை வரும் வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கிறார், அவ்வளவே. அதனால் பாடத்தில் 'நல்லெண்ண முதலீடு', விளக்கத்தில் மொய். தடை தாண்டுவதற்கு 'சுங்கம்தாண்டும் முதலீடு'. பொதுப் பெயர் 'வெளிநாட்டு நேரடி முதலீடு', இரு கரைக்கும் பொதுவாக இருக்கட்டும்.

மட்டுறுத்துநர்:

இடியாப்பச் சிக்கல் ஒருமனதாக. நலன்குறைக்கும் வளர்ச்சிக்குப் பெரும்பான்மை, நல்லெண்ண முதலீட்டுக்கு மறுப்பு வரவில்லை, அல்லது எல்லாரும் தூங்கப் போய்விட்டார்கள். இழையை மூடலாமா?

செ.:

மூடுங்கள். ஆனால் 'நல்லெண்ணம்' எங்கே இருக்கிறது அதில்? வரிக்குப் பயந்து போடுவதை நல்லெண்ணம் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'அச்ச முதலீடு' என்று வையுங்கள், ஒத்துக்கொள்கிறேன். உல்கு பற்றிக் கேலி செய்ததைத் தவிர யாரும் பதில் சொல்லவில்லை.