யுகேல யூனிவர்சிட்டி லேப்ல ரிசர்ச் அசிஸ்டென்ட்டா சேரப் போறீங்களா, ஒரு அக்கா சொல்றதக் கொஞ்சம் கேளுங்க

மாஸ்டர்ஸ் முடிச்சுட்டு லண்டன், லீட்ஸ், கிளாஸ்கோன்னு லேப் வேலைக்குப் போற நம்ம பிள்ளைங்க நிறைய பேரு ஒரே கேள்விய திரும்பத் திரும்பக் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு முடியல, அதான் மொத்தமா எழுதுறேன். நான் மதுரைல எம்.எஸ்சி பயோடெக், அப்புறம் இங்க ஒரு மாஸ்டர்ஸ், இப்போ லண்டன்ல ஒரு கேன்சர் லேப்ல ஆறாவது வருஷம். வெஸ்டர்ன் ப்ளாட், பிசிஆர் மாதிரி டெக்னிக் எல்லாம் லேப்லயே யாராவது சொல்லிக் குடுத்துருவாங்க. யாரும் உக்காத்தி வச்சு சொல்லாத விஷயங்கள மட்டும் சொல்றேன்.

முதல்ல எனக்கு நடந்தது. சேர்ந்து நாலாவது மாசம், மார்பகப் புற்றுநோய் செல் லைன் (லேப்ல தொடர்ந்து வளத்துட்டே இருக்கற ஒரே வகை செல்) ஒண்ணு வளத்துட்டு இருந்தேன். மூணு நாலு நாளைக்கு ஒருதடவ பிரிச்சு வேற ஃப்ளாஸ்க்ல போடணும், அந்த வேகத்துல வளரும். திடீர்னு ஒரு வாரம் ஆகியும் ஃப்ளாஸ்க் நிறையல. மீடியம் (செல் வளர்ற திரவம்) தெளிவா இருக்கு, மைக்ராஸ்கோப்ல பாத்தா பூஞ்சை இல்ல, பாக்டீரியா இல்ல. சரி நம்ம கைப்பக்குவம்தான் சரியில்லன்னு நானே முடிவு பண்ணிட்டேன். காலேஜ்ல படிச்சப்போ ஒரு ரீஏஜென்ட் வீணானாலே லேப் முழுக்கக் கேக்குற மாதிரி திட்டு விழும், அந்தப் பயம் எனக்குள்ள அப்படியே இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாம சீரத்த மாத்துனேன், மீடியாவ மாத்துனேன், நானே செல்ல ஃப்ரீஸ் பண்ணி வச்சிருந்த வயல (சின்னக் குப்பிய) எடுத்து மறுபடி ஆரம்பிச்சேன், அதுலயும் அதே கதி. இப்படியே அஞ்சு வாரம் போச்சு. கடைசில ஒரு போஸ்ட்டாக் (பி.எச்.டி முடிச்ச ஆராய்ச்சியாளர்) என் ஃப்ளாஸ்க்க எதேச்சையா பாத்துட்டு டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க. மைகோபிளாஸ்மா பாசிட்டிவ், அதாவது சாதாரண மைக்ராஸ்கோப்ல தெரியாத ஒரு குட்டி பாக்டீரியா. என்னோடது மட்டும் இல்ல, அதே இன்குபேட்டர்ல செல் வச்சிருந்த இன்னும் மூணு பேரோடதும். எல்லாத்தயும் ப்ளீச் ஊத்திக் கொட்டிட்டு, இன்குபேட்டரக் கழுவி, எல்லாரும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு பொண்ணுக்கு பி.எச்.டி கடைசி வருஷம். அவ மூஞ்சி இப்பவும் ஞாபகம் இருக்கு.

பிஐ (லேப்போட தலைவர்) என்னத் திட்டவே இல்ல. முதல் வாரமே சொல்லியிருந்தா ஒரு ஃப்ளாஸ்க்கோட போயிருக்கும்னு மட்டும் சொன்னாரு. நான் இந்தப் போஸ்ட்ல சொல்ல வர்றதே அந்த ஒண்ணுதான். தப்போ சந்தேகமோ, அன்னைக்கே வாயத் திறந்து சொல்லுங்க. மத்ததெல்லாம் இதோட தொடர்ச்சி.

மைகோபிளாஸ்மா பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா செல் கல்ச்சர் (செல்ல லேப்ல வளக்கறது) பண்ற யாரும் இதுகிட்ட தப்ப முடியாது. அதுக்கு செல் சுவர் கிடையாது, அதனால பென்சிலின் அதுகிட்ட வேலைக்கு ஆகாது. ரொம்பச் சின்னது, சாதாரண மைக்ராஸ்கோப்ல தெரியாது, மீடியத்தக் கலங்கவும் விடாது, 0.2 மைக்ரான் ஃபில்டர்ல கூட நழுவிப் போயிரும். வெளில பாத்தா செல் உயிரோடதான் இருக்கும், ஆனா உள்ள அதோட மெட்டபாலிசமே மாறிப் போயிருக்கும், நீங்க எடுத்த டேட்டா அத்தனையும் குப்பை. அதனால மாசம் ஒருதடவ பிசிஆர் டெஸ்ட் பண்ணுங்க, புதுசா வர்ற செல்ல தனி இன்குபேட்டர்ல வச்சு, ரிசல்ட் வந்த அப்புறம் உள்ள விடுங்க. பக்கத்து லேப் நண்பர் அன்பா ஒரு ட்யூப் குடுத்தாலும் அப்படியே வாங்கி வளக்காதீங்க. 1951-ல ஹென்ரியெட்டா லாக்ஸ்ங்கற அம்மாவோட புற்றுநோய்க் கட்டியில இருந்து எடுத்த ஹீலா செல் எத்தனையோ லேப்ல வேற செல் லைனுக்குள்ள புகுந்து அதையே அழிச்சிருக்கு, வேற செல்லுன்னு நெனச்சு வருஷக்கணக்கா வேலை பாத்தவங்க இருக்காங்க. இங்க போர்ட்டன் டவுன்ல இருக்கற செல் பேங்க்ல இருந்து வாங்குங்க, இல்லனா கையில இருக்கறத எஸ்டிஆர் ப்ரொஃபைலிங்குக்கு (செல் யாரோடதுன்னு காட்டுற டிஎன்ஏ டெஸ்ட்) அனுப்பி சரிபாருங்க.

இங்க சார், மேடம் கிடையாது. ப்ரொஃபசரா இருந்தாலும் பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு அது வாய்ல வரவே ஒரு மாசம் ஆச்சு, அது வரைக்கும் பேரே சொல்லாம எக்ஸ்கியூஸ் மீன்னு சமாளிச்சேன். பழகிரும். ஆனா பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு பேச்சும் நேரடியா இருக்கும்னு நெனைக்காதீங்க. பிரிட்டிஷ்காரங்க அதட்டிச் சொல்ல மாட்டாங்க. "நானா இருந்தா இத இன்னொரு தடவ பண்ணிப் பாப்பேன்"னு மெதுவா சொன்னா, கண்டிப்பா திரும்பப் பண்ணுன்னு அர்த்தம். லேப் மீட்டிங்ல உங்க கிராஃபப் பாத்து இன்ட்ரஸ்டிங்னு சொல்லி நிறுத்திட்டா, அவங்களுக்கு நம்பிக்கை வரலன்னு எடுத்துக்கோங்க, ஏன்னு அங்கயே கேளுங்க. புரியாமலே தலையாட்டுறது நம்மகிட்ட இருக்கற பெரிய பழக்கம், மரியாதைன்னு நெனச்சு பண்றோம், இங்க அது புரிஞ்சிருச்சுன்னு கணக்காயிரும். மீட்டிங் முடிஞ்சதும் "நான் புரிஞ்சுகிட்டது இதுதான், சரியா"ன்னு நாலு வரில ஒரு ஈமெயில் போட்டுருங்க. எனக்கு அது எத்தனையோ தடவ கைகொடுத்திருக்கு.

பாதுகாப்பு ட்ரெய்னிங் எல்லாம் ஆன்லைன்ல க்ளிக் க்ளிக்னு முடிச்சுட்டுப் போகாதீங்க. லிக்விட் நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, கை வெந்து போறது ஒரு பக்கம், அத விட ஆபத்து அது ஆவியாகி ரூம்ல இருக்கற ஆக்ஸிஜனத் தள்ளி விட்டுரும், வாசனை இல்ல, நிறம் இல்ல, மயங்கி விழுற வரைக்கும் தெரியாது. அதனாலதான் அந்த ரூம்ல ஆக்ஸிஜன் மானிட்டர் வச்சிருக்காங்க, அலாரம் அடிச்சா சாம்பிளப் பத்தி யோசிக்காம வெளிய வந்துருங்க. நைட்ரஜன் பாத்திரத்த லிஃப்ட்ல அனுப்புறப்போ கூட ஏறாதீங்க, நீங்க படில போங்க. ஊசி குத்திருச்சுன்னா ஓடுற தண்ணில காட்டி ரத்தத்த லேசா வெளிய விட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்க, வாய் வச்சு உறிஞ்சக் கூடாது, உடனே ஆக்குபேஷனல் ஹெல்த்துக்கு (ஊழியர்களோட உடல்நலத்தப் பாக்கற பிரிவு) போன் பண்ணுங்க, ராத்திரின்னா ஏ அண்ட் ஈக்கு (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு) போங்க. சின்ன குத்துதானேன்னு பேண்டெய்ட் ஒட்டிட்டு மறைச்ச ஒரு பையன எனக்குத் தெரியும், மூணு மாசம் பயந்து பயந்து தூக்கமில்லாம கெடந்தான், அன்னைக்கே சொல்லியிருந்தா முறையா டெஸ்ட் எடுத்து நிம்மதியா இருந்திருப்பான். மனுஷ ரத்தம், திசு தொடுற வேலைன்னா ஹெபடைடிஸ் பி ஊசிய வேலை குடுக்கறவங்களே இலவசமா போட்டு விடணும், கேட்டு வாங்குங்க.

எலி வேலை. இத இன்டர்வியூலயே கேட்டுருங்க, சேர்ந்த அப்புறம் இல்ல. இந்த ஊர்ல 1986-ல வந்த சட்டப்படி எலி மாதிரி விலங்கு மேல சோதனை பண்ணணும்னா இடத்துக்கு ஒரு லைசென்ஸ், ப்ராஜெக்டுக்கு ஒரு லைசென்ஸ், பண்ற ஆளுக்கு தனி லைசென்ஸ்னு மூணு வேணும், எல்லாம் ஹோம் ஆஃபீஸ் (உள்துறை) குடுக்கறது. உங்க பேர்ல பர்சனல் லைசென்ஸ் வர்றதுக்கு முன்னாடி யாராவது "அவசரம், ஒரு இன்ஜெக்‌ஷன் மட்டும் போட்டுரு"ன்னு சொன்னா முடியாதுன்னு சொல்லுங்க, அது சட்ட மீறல், மாட்டப் போறது நீங்க. சைவக் குடும்பத்துல இருந்து வந்த பிள்ளைங்க சில பேருக்கு மனசு ஒப்பாது, அத வெக்கப்படாம சொல்லலாம், செல் கல்ச்சர் மட்டும் பண்ற லேப் எவ்வளவோ இருக்கு. நான் பண்றேன். முதல் நாள் ராத்திரி சாப்பாடு எறங்கல. இன்னைக்கும் ஒவ்வொரு கூண்டயும் பாக்குறப்போ எத்தன எலி தேவையோ அதுக்கு மேல ஒண்ணு கூட எடுக்கக் கூடாதுன்னு கணக்கு போட்டுத்தான் ஆரம்பிப்பேன். அப்புறம் எலி அலர்ஜி நெசமான விஷயம், தும்மலும் கண் அரிப்புமா ஆரம்பிச்சு ஆஸ்துமா வரைக்கும் போகும், மாஸ்க்க ஒழுங்கா போடுங்க, அறிகுறி வந்தா சொல்லுங்க.

மனுஷத் திசுக்கு 2004-ல வந்த ஹியூமன் டிஷ்யூ ஆக்ட் இருக்கு, ஸ்காட்லாந்துக்கு மட்டும் தனிச் சட்டம். ஆஸ்பத்திரில இருந்து வர்ற ட்யூப்ல பேர் இருக்காது, நம்பர்தான் இருக்கும், அந்த நோயாளிங்க எதுக்குச் சம்மதம் குடுத்தாங்களோ அதுக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். மிச்சம் இருக்குதேன்னு வேற ப்ராஜெக்டுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டே ஆகணும். ஆபரேஷனுக்குப் போற பதட்டத்துலயும் ஒருத்தங்க கையெழுத்து போட்டுக் குடுத்துருக்காங்க, அத ஃப்ரிட்ஜுக்கு வெளிய மறந்து வச்சு வீணாக்குனா எனக்கு தாங்காது.

இப்போ காசு, காகிதம். யூனிவர்சிட்டி ரிசர்ச் வேலைல பெரும்பாலும் கிராண்ட் (ஆராய்ச்சிக்கு வர்ற நிதி) எவ்வளவு நாளோ அவ்வளவு நாள்தான் கான்ட்ராக்ட். சேர்றப்பவே முடியற தேதியப் பாத்து, பணம் எங்க இருந்து வருதுன்னு பிஐகிட்ட நேரா கேளுங்க, எம்ஆர்சியா, வெல்கமா, கேன்சர் ரிசர்ச் யுகேயா, எந்த நிதி அமைப்புன்னு, இதக் கேக்கறது இங்க தப்பே இல்ல. முடியறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அடுத்தது என்னன்னு பேச ஆரம்பிங்க. ரெண்டு வருஷம் தொடர்ந்து வேலை பாத்திருந்தா கான்ட்ராக்ட் முடியறப்போ ரிடன்டன்சி பணம் (வேலை போறதுக்கான ஈட்டுத்தொகை) வரலாம், நாலு வருஷத்துக்கு மேல புதுப்பிச்சு புதுப்பிச்சு ஓடுனா, தகுந்த காரணம் காட்டுனா ஒழிய, பெர்மனன்ட் ஊழியராத்தான் கருதணும்னு 2002 விதி இருக்கு, நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு இது தெரியாது. யூசியூங்கற யூனிவர்சிட்டி ஊழியர் யூனியன்ல சேர்ந்து வச்சுக்கோங்க.

விசால நிறைய பேரு சறுக்குறது இங்கதான். கிராஜுவேட் விசா மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு ரெண்டு வருஷம், 2027 ஜனவரி 1-ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம்தான். அந்தக் காலம் ஸ்கில்ட் ஒர்க்கர் விசா (வேலை குடுக்கறவங்க ஸ்பான்சர் பண்றது) வழியா ஐஎல்ஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) வாங்கற கணக்குல சேராது. ஸ்கில்ட் ஒர்க்கருக்கு 2025 ஜூலைல இருந்து பொது சம்பள வரம்பு வருஷத்துக்கு 41,700 பவுண்டு, ரிசர்ச் அசிஸ்டென்ட் சம்பளம் நிறைய இடத்துல அதத் தொடாது. ஸ்டூடென்ட் விசாலயோ கிராஜுவேட் விசாலயோ இருந்து மாறுறவங்க நியூ என்ட்ரன்ட்டா (புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கான சலுகைல) 33,400-க்குப் போகலாம், கூடவே அந்த வேலைக்கு அரசாங்கம் போட்டிருக்கற ரேட்டயும் பாப்பாங்க. ஆனா நியூ என்ட்ரன்ட் சலுகை மொத்தம் 4 வருஷம்தான், கிராஜுவேட் விசால கழிச்ச நாளும் அதுல கழியும். அதனால கிராஜுவேட் விசா முடியற கடைசி மாசத்துல ஸ்பான்சர் கேட்டு ஓடாதீங்க, சேர்றப்பவே ஹெச்ஆர்கிட்ட இந்தப் போஸ்டுக்கு ஸ்பான்சர் பண்ணுவீங்களான்னு ஈமெயில்ல கேட்டு பதில வச்சுக்கோங்க. பிஐ வாயால "பாத்துக்கலாம்"னு சொல்றது விசா இல்ல, நல்ல மனசோட சொன்னாலும் முடிவு அவங்க கையில இல்ல. விசாவோட சேத்துக் கட்டுற ஹெல்த் சர்சார்ஜ் பெரியவங்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, அத முன்கூட்டியே சேத்து வைங்க.

முதல் மாசச் சம்பளத்துல வரி அதிகமா பிடிச்சிருந்தா பதறாதீங்க, ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் ஃபார்ம சரியா நிரப்பலன்னா எமர்ஜென்சி டாக்ஸ் கோட் போட்டுருவாங்க, அப்புறம் சரியாகும், வருஷத்துக்கு 12,570 பவுண்டு வரைக்கும் வரி கிடையாது. கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கு உள்ளாட்சி போடுற வரி) படிக்கறப்போ இல்லாம இருந்திருக்கும், கோர்ஸ் முடிஞ்சதும் வர ஆரம்பிக்கும், தனியா இருந்தா 25 சதவீதம் தள்ளுபடி கேளுங்க. வீட்டு டெபாசிட் இங்கிலாந்துல சாதாரணமா அஞ்சு வார வாடகைக்கு மேல கேக்கக் கூடாது. யூஎஸ்எஸ்ங்கற யூனிவர்சிட்டி ஊழியர் பென்ஷன்ல உங்க பங்கு 6.1 சதவீதம், யூனிவர்சிட்டி 14.5 போடுது, ஊருக்கு அனுப்பக் காசு வேணும்னு அவசரப்பட்டு வெளிய வந்துராதீங்க, நான் ஒரு வருஷம் அப்படி வெளிய இருந்து விட்ட பணத்த நெனச்சா வருத்தமா இருக்கு.

டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிரும், நம்ம கல்ச்சர் ரூம்ல ஜன்னலும் இருக்காது, விட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கோங்க. ஜிபில (நம்ம ஏரியா டாக்டர்கிட்ட) பதியறதுக்கு அட்ரஸ் ப்ரூஃப் கட்டாயம் இல்ல, உடம்பு சரியில்லாம போறதுக்கு முன்னாடியே பதிஞ்சுருங்க. லண்டன்ல இருந்தா ஞாயித்துக்கிழம ஈஸ்ட் ஹாம் பக்கம் போயிட்டு வாங்க, கருவேப்பிலை, முருங்கைக்காய், தமிழ்ப் பேச்சு எல்லாம் ஒரே தெருவுல கிடைக்கும், அந்த ஒரு நாள் ஒரு வாரத்துக்குத் தெம்பு குடுக்கும்.

ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, அக்கா கல்யாணத்துக்கு மூணு வாரம் ஊருக்குப் போகணும், சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது, பிஐகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு. கெஞ்சவே வேண்டாம்மா. லீவு உன் உரிமை, அஞ்சு நாள் வேலைன்னா பேங்க் ஹாலிடேயும் சேத்து வருஷத்துக்கு 28 நாளாவது சட்டப்படி உண்டு. தேதி முடிவானா அன்னைக்கே சொல்லிரு, டிக்கெட் போட்ட அப்புறம் சொல்லாத. நீ இல்லாத நாள்லயும் ஓட வேண்டிய எக்ஸ்பெரிமென்ட் எதையும் கிளம்புற வாரத்துல ஆரம்பிக்காத. செல்ல யாரும் பாத்துப்பாங்கன்னு ஃப்ளாஸ்க்க விட்டுட்டுப் போகாம, மைகோபிளாஸ்மா டெஸ்ட் பண்ணி, நெகட்டிவ்னு தெரிஞ்சதும் அஞ்சாறு வயல் ஃப்ரீஸ் பண்ணு, அதுல ஒண்ண ஒரு வாரம் கழிச்சு எடுத்து உயிரோட வருதான்னு பாத்துக்கோ, அப்புறம் எந்த டேங்க், எந்த ராக், எந்த பாக்ஸ், எத்தனாவது குழின்னு லேப் புக்ல தேதி போட்டு எழுதி, பக்கத்து பெஞ்ச்ல இருக்கறவங்களுக்கும் காட்டிட்டுக் கிளம்பு.