மறு: பறவையின் கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

> அந்தப் பகுதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'லோர்' (lore) என்பதற்கு 'அலகடி' போதாதா? எளிமையாக இருக்கிறதே.

போதாது ஐயா. அலகடி என்றால் நெற்றியை ஒட்டிய மேற்புறமும் மோவாயை ஒட்டிய கீழ்ப்புறமும் அதில் அடங்கிவிடும். நமக்கு வேண்டியது கண்ணின் முன்விளிம்புக்கும் அலகு தொடங்கும் இடத்துக்கும் நடுவே, முகத்தின் பக்கவாட்டில் உள்ள சிறு பகுதி மட்டும். 'கண்ணலகிடை' என்று வைக்கலாம்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்றால், சோலைக்காட்டு நீல ஈப்பிடிப்பான்களைப் பாருங்கள். நீலகிரி ஈப்பிடிப்பான் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே வாழ்வது. நீலமேனி ஈப்பிடிப்பான் இமயத்தில் கூடுகட்டிவிட்டு, குளிர்காலத்தில் இங்கே வருவது. நீலமேனி ஆணின் உடல் பசுமை கலந்த வெளிர்நீலம். கண்ணலகிடை மட்டும் கறுப்பாகத் தனித்துத் தெரியும். நீலகிரி ஆணின் உடலே ஆழ்ந்த நீலம். கண்ணலகிடை கறுத்திருந்தாலும் உடல் நிறத்தோடு கலந்துவிடும். அதன் நெற்றியும் புருவமும்தான் பளிச்சென்று இருக்கும்.

நீலத்தின் சாயலை மட்டும் நம்பக்கூடாது. அந்த நீலம் நிறமியால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் வருகிறது. கிளை நிழலுக்குள் போனதும் இரண்டுமே மங்கிய சாம்பலாகிவிடும். முகத்தில் உள்ள வேறுபாடு அப்போதும் ஓரளவு கைகொடுக்கும்.

> 'கண்முன் இறகு' என்றால் எல்லோருக்கும் புரியுமே?

சின்ன வெள்ளைக் கொக்குக்கு அங்கே இறகே இல்லை, வெறுந்தோல்தான். இனப்பெருக்கக் காலத்தில் அது சிவந்துவிடுவதும் முக்கியமான குறிப்பு. ஆகவே சொல்லில் 'இறகு' வரக்கூடாது.

---

வணக்கம். கண்ணலகிடைக்கு என் ஆதரவு. 'அலகிடை' என்று சுருக்க வேண்டாம். மேலலகுக்கும் கீழலகுக்கும் இடைப்பட்டது என்று பொருள்படும். குழிவிரியன் பாம்பின் முகக்குழியையும் ஆங்கிலத்தில் 'லோர்' சொல்லை ஒட்டியே குறித்தாலும், அதற்கு இச்சொல்லை நீட்ட வேண்டாம். பாம்புக்கு அலகு ஏது? அக்குழி கண்ணுக்கும் நாசித்துளைக்கும் நடுவே இருப்பதால் 'கண்மூக்கிடைக் குழி' சரியாக இருக்கும்.

களக்குறிப்பு எழுதுவோருக்கு ஒன்று. உச்சிவெயிலில் புருவத்தின் நிழல் கண்ணலகிடையில் விழுந்து, இல்லாத கறுப்பைக் காட்டும். பறவை தலையைத் திருப்பும்வரை காத்திருந்து, இரு பக்கமும் பார்த்த பிறகே 'கறுப்பு' என்று எழுதுங்கள். நீலமேனிப் பெண்ணுக்கு அந்த இடம் சாம்பல்தான் என்பதால், கறுப்பு இல்லை என்றதும் நீலகிரி என்று முடிவுகட்டவும் கூடாது. வால் விரியும்போது அடியில் இருபுறமும் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது நீலகிரி. தெரியாவிட்டால் 'நீல ஈப்பிடிப்பான், இனம் உறுதியில்லை' என்று பதிவதே நேர்மை.

கலைச்சொல் பட்டியலுக்கான வரையறை இதோ:

கண்ணலகிடை: பறவை முகத்தின் இருபுறமும், கண்ணின் முன்விளிம்புக்கும் அலகின் அடிக்கும் இடைப்பட்ட பகுதி, இறகு மூடியோ வெறுந்தோலாகவோ இருக்கும். வழிச்சொற்கள்: கண்ணலகிடைக் கோடு, கண்ணலகிடைத் திட்டு.