மெடோஸ்வீட் பூ எடுக்கட்டா?

குழு: தக்கலை வீடு

அயர்லாந்து தம்பி: வெள்ளிக்கிழமை ஏறுறேன். அம்மா முட்டுவலிக்கு மெடோஸ்வீட் பூ கேட்டாவ. இங்க ஓடைக்கரை, ஈரப் புல்வெளி எல்லாம் பூத்துக் கிடக்கு. 200 கிராம் காய வச்சு எடுக்கட்டா?

(படம்)

கருங்கல் சித்தி: மருதாணிப் பூ மாதிரில்லா இருக்கு மக்களே

மார்த்தாண்டம் மைனி: பாக்கதுக்கு அப்படித்தான் சித்தி. இது ரோஜாக் குடும்பம். ஆஸ்பிரின்னு 1899-ல பேரு வச்சதுல உள்ள ‘ஸ்பிர்’ இதோட பழைய பேரு ஸ்பைரியாவுல இருந்து வந்தது. பூவுல ஆஸ்பிரின் கிடையாது, அதோட இனமான சாலிசிலேட் உண்டு. அதனாலதான் சொல்லுகேன், அத்தைக்கு வேண்டாம். ஸ்டென்ட் வச்ச பெறவு ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகாவ. கூட இதுவும் சேந்தா ரத்தக்கசிவு வரலாம்.

அம்மா: எனக்கு மட்டும் எல்லாம் வேண்டாம்

மார்த்தாண்டம் மைனி: அப்படி இல்ல அத்தை. நொச்சி இலைய வதக்கி ஒத்தடம் குடுக்கேன்.

கருங்கல் சித்தி: சனிக்கிழமை பால்காய்ப்புக்கு வேன் எத்தன மணிக்கு?

ஷார்ஜா மாமா: சளிக்கும் நல்லதாம்லா. எனக்கு எடு டே

மார்த்தாண்டம் மைனி: மாமா உங்களுக்கு ஆஸ்த்மா. ஆஸ்பிரின் போட்டா இழுக்க ஆளு. தொடாண்டாம்.

அயர்லாந்து தம்பி: அப்போ யாருக்குத்தான்?

மார்த்தாண்டம் மைனி: அத்தானுக்கு ஆவும், மாத்திரை ஒண்ணும் கிடையாதே. 50 கிராம் போதும். பனி காஞ்ச பெறவு, இப்ப விரிஞ்ச கொத்தா பாத்து பறி. தடிச்ச தண்டு வேண்டாம், கழுவாண்டாம். துணியில மெல்லிசா பரப்பி நிழல்ல போடு. வெயில்ல போட்டா மணம் போயிரும், குமிச்சுப் போட்டா கறுத்து பூஞ்சை பிடிக்கும். கையில நுணுக்கினா பொலபொலன்னு உதிரணும், அதுதான் பதம். கண்ணாடிக் குப்பியில இறுக்கி மூடிக் கொண்டு வா, இங்க மழைச் சாரல்ல ரெண்டே நாள்ல நமத்துரும்.

பெரிய அண்ணன்: எப்படி குடிக்க

மார்த்தாண்டம் மைனி: 1 டீஸ்பூன், ஏகதேசம் ஒன்றரை கிராம். கொதிச்ச வெள்ளம் 1 கப் ஊத்தி 10 நிமிசம் மூடி வச்சு அரிச்சிரணும். பூவப் போட்டு அடுப்புல கொதிக்க விட்டா வாசனைச் சத்து ஆவியோட போயிரும். நாளைக்கு 2 தடவ. வயிறு எரிஞ்சா நிறுத்திரணும். 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளுக்கு குடுக்கப்பிடாது.

அம்மா: போன தடவயும் மூத்தவனுக்குத்தான் சாமான் எல்லாம்

பெரிய அண்ணன்: அம்மா எனக்கு வேண்டாம்

கருங்கல் சித்தி: வேன்?

பெரிய அண்ணன்: 5.30

கருங்கல் சித்தி: வீட்டுக்கே வருமா, நாங்க தக்கலைக்கு வரணுமா?

அயர்லாந்து தம்பி: மைனி, நாளைக்கு காலம்பற வெயில் உண்டுன்னு போட்டிருக்கு. பறிக்கட்டா?

மார்த்தாண்டம் மைனி: அத்தான் முதல்ல சொல்லட்டும்