மெக்கானமா, ஆறு சக்கரமா? மண்டபத்துப் பிள்ளைகளுக்கு எது சரி?

மண்டபம் டீச்சர்:
எஃப்.டி.சி. (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்) என்ற மாணவர் ரோபோ போட்டிக்கு முதல் தடவையாகப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகிறேன். களம் 12 அடிக்கு 12 அடி, தரையில் ஃபோம் மேட். நாலு மெக்கானம் சக்கரம் வாங்கிவிட்டோம். சக்கரத்தைச் சுற்றிப் பதித்த சின்ன உருளைகள் 45 டிகிரி சாய்ந்திருப்பதால் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும் என்று பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆனால் பழகுவது வலை கட்டும் ஷெட்டில். சிமெண்ட் தரை, ஆடிக் கச்சான் காற்று அடித்தால் உள்ளே மணல். சாதா சக்கரத்துக்கு மாற்றிவிடலாமா?

பாம்பன் லேத்:
மாற்றிவிடுங்கள் டீச்சர். உருளைக்குள் மணல் போனால் சுழலாது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சாதா சக்கரம் வைத்து, பீரங்கி வண்டி மாதிரி இரு பக்கத்தையும் தனித்தனியாக ஓட்டும் டேங்க் டிரைவ் போடுங்கள். நடுச் சக்கரத்தை மட்டும் 2, 3 மி.மீ. இறக்கினால் ஒரு நேரத்தில் நாலுதான் தரையைத் தொடும். திரும்பும்போது முரண்டு பிடிக்காது. அப்புறம், மெக்கானத்தில் தள்ளுவிசை 30 சதவீதம் காலி. எதிரணி வண்டி வந்து இடிக்கும்போது தெரியும்.

கீழக்கரைக்காரன்:
அண்ணே, அந்த 30 சதவீதக் கதையில் பாதிதான் நிஜம். நேராக ஓடும்போது ஒரு சுற்றுக்கு மெக்கானமும் சாதா சக்கரமும் ஒரே தூரம்தான் போகின்றன. உராய்வை விட்டுவிட்டால் மோட்டாரின் விசை எங்கேயும் தொலையவில்லை. குறைவது பிடிமானம். உருளை தரையைச் சாய்வாகத் தள்ளுவதால் 1.41 மடங்கு பிடி வேண்டும். அதனால் சீக்கிரம் வழுக்கும்.

பாம்பன் லேத்:
வழுக்கினால் எப்படித் தள்ளுவாய் தம்பி? நானும் அதைத்தானே சொன்னேன்!

கீழக்கரைக்காரன்:
முட்டித் தள்ளினால்தானே அந்தக் கவலை அண்ணே! வேகமாக விலகிப் போய்விடலாமே. நிமிடத்துக்கு 312 சுற்று மோட்டார், 96 மி.மீ. சக்கரம் என்றால் சுமையில்லாமல் நொடிக்குச் சுமார் 1.57 மீட்டர். களத்தை இரண்டரை நொடிக்குள் கடந்துவிடலாம். முட்டி மோதுவதைவிட, சாமானை எடுக்க இரண்டு அங்குலம் ஒதுங்குவதுதான் அடிக்கடி வரும். டேங்க் டிரைவில் அதற்காகப் பின்வாங்கி, திரும்பி, மறுபடி வர வேண்டும். ஆறு சக்கரத்துக்குச் செயினும் வேண்டும். உப்புக்காற்றில் செயின் என்னவாகும் என்று பாம்பன்காரருக்கா நான் சொல்ல வேண்டும்?

பாம்பன் லேத்:
பெல்ட் போடலாமே. செயின்தான் என்று யார் சொன்னது?

தங்கச்சிமடம் அக்கா:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மெக்கானத்தில் நாலு சக்கரமும் தரையில் அழுந்தியிருக்க வேண்டும். போன வருடம் எங்கள் பிள்ளைகளின் வண்டி பக்கவாட்டில் போகச் சொன்னால் வட்டமடித்தது. மூன்று நாள் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் ஒரு சக்கரம் சும்மா அந்தரத்தில் சுற்றுகிறது! மேலிருந்து பார்த்தால் நாலு சக்கரத்து உருளைகளும் சேர்ந்து பெருக்கல் குறி மாதிரி தெரிகிறதா என்றும் பாருங்கள் டீச்சர். மாட்டும்போது இடம் மாறிப்போவது சகஜம்.

மண்டபம் டீச்சர்:
பார்த்துவிட்டேன் அக்கா. பெருக்கல் குறி சரிதான். நாலு சக்கரத்துக்கு அடியிலும் நோட்டுத் தாளை நுழைத்தோம். மூன்றில் இறுகிக்கொண்டது, இடது பின் சக்கரத்தில் மட்டும் உருவியதும் வந்துவிட்டது. சட்டத்தின் திருகுகளைத் தளர்த்திச் சமப்படுத்துகிறோம். இரண்டு பேர் ஷெட்டைக் கூட்டுகிறார்கள், வாசலில் ஈரச் சாக்கு போட்டாயிற்று. லேத் அண்ணே, எதற்கும் நடுச் சக்கரத்துக்கு இரண்டு அச்சு கடைந்து வையுங்கள்.