பழைய பேண்ட்சா வீல்ல ரப்பர் பேந்து போச்சு, ஒட்டலாமா மாத்தணுமா?

கொருக்குப்பேட்டை தச்சன்:
எல்லாருக்கும் வணக்கம். சின்னதா பட்டறை வெச்சிருக்கேன், கதவு ஃபிரேம், கட்டில் கால், நாற்காலி முதுகு இந்த மாதிரி வேலைதான். போன மாசம் ஒரு பழைய 18 இஞ்ச் பேண்ட்சா வாங்கினேன், மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரப்பர் டயர் போட்ட ரெண்டு வீல் மேல பட்டை பிளேடு சுத்தி ஓடி மரம் அறுக்குற மெஷின், வார்ப்பிரும்பு பாடி, மூணு பேர் தூக்க முடியாம குட்டியானைல ஏத்திக்கினு வந்தோம். வித்தவர் ஓட்டிக் காட்டினப்போ பக்கத்துல பிளானர் ஓடிக்கினு இருந்துச்சு, அந்த சத்தத்துல ஒண்ணும் தெரியல. இங்க வந்து கவரைத் தொறந்தா மேல் வீல் டயர்ல ரெண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்ல, இரும்பு தெரியுது. கீழ் வீல்ல பேந்து போகல, ஆனா நகத்தால அழுத்தினா கூட அமுங்காம கல்லு மாதிரி ஆயி வெடிப்பு விட்டிருக்கு.

ஓட்டினா டக்டக்னு அடிக்குது, பிளேடு முன்ன பின்ன அலையுது, ரெண்டு இஞ்ச் வேங்கைல கோடு போட்டு அறுத்தா நேரா வரவே மாட்டேங்குது. பேந்த இடத்துல சைக்கிள் டியூப் துண்டு வெட்டி ஃபெவிக்விக் போட்டு ஒட்டிப் பார்த்தேன், பத்து நிமிஷம் கூட நிக்கல. அந்த இடத்தை மட்டும் ரொப்பி சரி பண்ண வழி இருக்கா, இல்ல முழுசா மாத்தணுமா? மெஷினுக்கே கையில இருந்த காசு எல்லாம் போயிடுச்சு, அதான் கேக்குறேன்.

காசிமேடு போட்வேலை:
தம்பி, மொதல்ல டக்டக் டயர்லதான் வருதான்னு பாத்துக்கோ, பிளேடோட ரெண்டு முனையையும் சேர்த்த ஜாயிண்ட்டு மேடா இருந்தாலும் அப்படித்தான் அடிக்கும். ப்ளக்கை புடுங்கிட்டு வீல்ல ஒரு இடத்துலயும் பிளேடு ஜாயிண்ட்டுலயும் சாக்பீஸ் கோடு போட்டு கையால மெதுவா சுத்து. 18 இஞ்ச் வீலுக்கு சுத்தளவு 56 இஞ்ச் சொச்சம் வரும், உன் பிளேடு 140 இஞ்ச் பக்கம்னா வீல் ரெண்டரை சுத்து சுத்தினாத்தான் பிளேடு ஒரு தரம் சுத்தி வரும். ஒவ்வொரு சுத்துக்கும் குதிச்சா வீலு, ரெண்டரை சுத்துக்கு ஒரு தரம்னா ஜாயிண்ட்டு.

அப்பறம் ரப்பரை எடுத்தா அடியில துரு எப்படிகீதுன்னு பாரு. நம்ம பக்கம் கடல் காத்துக்கு இரும்பு தாங்காது, என் மெஷின்ல துரு உப்பிக்கினு வந்துதான் ரப்பரையே தூக்கிவிட்டுச்சு. அத்த சுத்தம் பண்ணாம மேல இன்னா ஒட்டினாலும் நிக்காது.

வியாசர்பாடி ஃபர்னிச்சர்:
ப்ரோ காசு இல்லன்னா பைக் டியூபை ரிங்கு மாதிரி வெட்டி பழைய டயர் மேலயே இழுத்து மாட்டிடுங்க, நான் ஒரு சின்ன 12 இஞ்ச் மெஷின்ல அப்படித்தான் ஒரு வருஷம் ஓட்டினேன்.

பேட்டர்ன் மேஸ்திரி:
வியாசர்பாடி தம்பி சொல்றது சின்ன மெஷினுக்கு, கால் இஞ்ச் பிளேடுக்கு ஓடும், அதுலயும் அடியில டயர் முழுசா இருக்கணும். இவருக்கு அடியில பள்ளம் இருக்கு, மேல டியூபை மாட்டினா அந்த இடம் அமுங்கத்தான் செய்யும். நான் ஃபவுண்டரி பேட்டர்ன் ஷாப்ல, அதாவது வார்ப்புக்கு மர அச்சு செய்யுற இடத்துல, 22 வருஷம் பேண்ட்சா ஓட்டினவன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

சின்ன கீறல்னா ஒட்டலாம். துண்டே போயிடுச்சுன்னா ரொப்பாதீங்க. எம்சீல் மாதிரி எதை வெச்சாலும் அது கல்லு, சுத்தி இருக்கிறது ரப்பரு, பிளேடு இழுவையில ரப்பர் அமுங்கும் கல்லு அமுங்காது, அப்போ பள்ளத்துக்கு பதிலா மேடு வந்துடும். இந்த சைஸ் வீல் நிமிஷத்துக்கு 600 சுத்துக்கு மேல ஓடும், அதாவது நொடிக்கு பத்து தரம் அடி விழும், அந்த அடி அத்தனையும் பிளேடுக்குத்தான் போகுது, ஜாயிண்ட்டுல விட்டுப்போகும். கிட்ட நின்னு தள்றவர் நீங்க.

ரெண்டு வீல்லயும் மாத்துங்க. கீழ் வீல்தான் பிளேடை இழுக்குது, அது கல்லா இருந்தா வழுக்கும். பழையதை வெட்டி எடுத்து, வயர் பிரஷ், எமரி போட்டு இரும்பு மினுக்குற வரைக்கும் தேச்சு, தின்னர்ல துடைங்க. ரெடிமேட் யூரித்தேன் ரிங் (ரப்பர் மாதிரி இழுபடுற பிளாஸ்டிக் டயர்) கிடைச்சா நல்லது, வீலை விட சின்னதா இருக்கும், சுடுதண்ணில போட்டு எடுத்தா இளகும், இழுத்து மாட்டிட்டு அடியில ஒரு உருண்டை கம்பியை விட்டு வீலைச் சுத்தி நாலு தரம் உருட்டினா இழுப்பு எல்லா பக்கமும் ஒண்ணா ஆயிடும். பசையே வேணாம்.

ரிங் கிடைக்கலன்னா பிராட்வே பக்கம் ரப்பர் ஷீட் விக்கிற கடைல பழைய டயர் கனத்துக்கே வாங்கி பட்டையா வெட்டுங்க. முனையை நேரா வெட்டாதீங்க, ரெண்டு முனையும் சாய்வா சீவி ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும், மேல இருக்கிற முனையை பிளேடு தூக்காத திசையில வைங்க. வீலையும் பட்டையையும் நாலு பாகமா குறிச்சு குறிக்கு குறி வெச்சு எஸ்ஆர் பசையில (ரப்பர் ஒட்டுற பசை) ஒட்டுங்க, இல்லன்னா ஒரு பக்கம் இழுத்து மெலிஞ்சு மறுபக்கம் தடிச்சுடும்.

இதுக்கு அப்பறம் வர்றதுதான் முக்கியம். ரப்பர் ஷீட் தட்டையா இருக்கும், வீலுக்கு நடு மேடு வேணும், அந்த மேட்டுலதான் பிளேடு தானா ஏறி நிக்கும். ஓரத்தை விட நடு அரை மில்லி ஒசந்தா போதும். பிளேடை கழட்டிட்டு கீழ் வீலை மோட்டார்ல ஓடவிட்டு, கட்டைல 80 நம்பர் சாண்ட்பேப்பர் ஒட்டி, அசையாத தாங்கல் மேல வெச்சு லேசா ஓரத்தைத் தேய்ங்க. மேல் வீலை ஆளை வெச்சு கையால சுத்த சொல்லுங்க. கையில கிளவுஸ் வேணாம், லுங்கி கட்டிக்கினு கிட்ட போகாதீங்க. வேலை முடிஞ்சதும் தினமும் பிளேடு டென்ஷனை தளர்த்துங்க, ராத்திரி முழுக்க இழுத்தபடி விட்டா ரப்பர் ஒரே இடத்துல பதிஞ்சுடும்.

வியாசர்பாடி ஃபர்னிச்சர்:
அண்ணா இந்த பதியற விஷயம் எனக்கு தெரியாது, நான் டென்ஷனை தளர்த்தினதே இல்ல. இன்னைக்கே பாக்குறேன்.

கொருக்குப்பேட்டை தச்சன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாக்பீஸ் கோடு போட்டு பார்த்தேன், ஒவ்வொரு சுத்துக்கும்தான் குதிக்குது, ஜாயிண்ட் நல்லா இருக்கு. ரப்பரை எடுத்தா அடியில காசிமேடு அண்ணன் சொன்ன மாதிரியே துரு அட்டை அட்டையா வந்துச்சு, அரை நாள் தேச்சேன். ரிங் கிடைக்கல, ஷீட் வாங்கி ஒட்டிட்டேன், கீழ் வீல் தேய்ச்சு முடிஞ்சுது. மேல் வீலுக்கு நாளைக்கு மச்சான் சுத்த வர்றான். மேஸ்திரி, ஒரு சந்தேகம், ஷீட் ஒட்டினதுக்கு அப்பறம் மேல் வீலை சுத்தி விட்டா ஒரே இடம்தான் கீழ வந்து நிக்குது, அது பரவால்லையா?

பேட்டர்ன் மேஸ்திரி:
முனை ஒண்ணு மேல ஒண்ணு ஏறின இடம் தடிச்சிருக்கும், அதான் எடை. மொதல்ல அந்த ஜாயிண்ட்டை சாண்ட்பேப்பர்ல மட்டம் பண்ணுங்க, மறுபடியும் சுத்தி விடுங்க. ஒவ்வொரு தரமும் வேற வேற இடத்துல நின்னா பிளேடு மாட்டலாம். அதுக்கு முன்னாடி மாட்டாதீங்க.